முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மிக்ஸி

வடமாலப்பேட்டை,
29-9-2025, திங்கட்கிழமை.

அன்பு மகள் பிரீத்திக்கு உன் நைனா செங்கல்வராயன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நான் சௌக்கியம். உன் அம்மா பத்மாவதியும் சௌக்கியம் என்று அவளே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். போன வாரம் பெய்த மழையில் மேட்டு நிலத்து வேர்க்கடலை தப்பித்தது. மோட்டார் ஓடுகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். ஹைதராபாத்தில் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், மாப்பிள்ளை பிரவீன் கேட்கிறார். அவருக்குத் தெலுங்குதான் படிக்க வரும். தமிழை நீ ஒருத்திதான் எழுத்துக்கூட்டிப் படிப்பாய். மெதுவாகவே படி.

விஷயம் அந்த மிக்ஸிதான். முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு மிக்ஸி வாங்கி அனுப்புகிறேன் என்கிறாயே, உனக்கென்ன கிறுக்கா? உன் கல்யாணத்துக்கு முன்னால் புத்தூரில் வாங்கியது இன்னும் ஓடுகிறது. மேடு ஏறும் லாரி மாதிரி சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். அதுவும் மசாலாவுக்கு மட்டும். சட்னி அம்மியில் அரைத்தால்தான் எனக்கு இறங்கும் என்பது உனக்குத் தெரியாததா? முப்பத்துநாலு வருஷமாக உன் அம்மா அப்படித்தான் அரைத்துப் போடுகிறாள்.

சரி, அதில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். கடையில் கிரண்குமார் என்று ஒரு பையன். ஐஸ் கட்டியையும் ஆப்பிளையும் போட்டு அரைத்துக் காட்டினான். உன் ஆப்பிள் உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லி, பையில் கொண்டுபோயிருந்த வறுத்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், புளியை நீட்டினேன். நாற்பது எண்ணுவதற்குள் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. பெத்தாயனா என்று பெரியவர் மரியாதை கொடுத்து, இதுல அடுப்பே இல்லாம சூப்பு வெக்கலாம் என்று அவன் ஆரம்பித்தான். அடுப்பில்லாமல் கொதிக்குமாம்! ஜாடியைத் தொட்டுப் பார்த்தேன், சுடத்தான் செய்தது. மேஜைக்கு அடியில் ஏதாவது ஒயர் போகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்காக நம்பிவிடுவேனா?

ருசி பார்த்தேன். சட்னியா அது? பச்சைக் குழந்தைக்கு ஊட்டுகிற கூழ். காலி ஜாடியே ஒரு குடம் தண்ணீர் கனம் கனக்கிறது. மூடியோ அத்தனை இறுக்கம். அந்த வாலிபப் பையனே ஒரு கையால் ஜாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் அமுக்கித்தான் போட்டான். பத்து வருஷம் கேரண்டி என்றான். உன் கடை பத்து வருஷம் இருக்குமா என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு இதில் ஏதாவது கமிஷன் உண்டா? கோபித்துக்கொள்ளாதே. கார்டு தேய்த்தால் பாயிண்ட் வருகிறது என்று போன பொங்கலுக்கு அவரேதான் பெருமையாகச் சொன்னார்.

மாப்பிள்ளையைக்கூட விட்டுவிடுகிறேன். எனக்கு உன் அம்மாமேல்தான் சந்தேகம். ரெண்டு மாசமாக ஆள் சரியில்லை. நான் உள்ளே நுழைந்தால் போனை வைத்துவிடுகிறாள். ஏண்டி, மூடிய ஒத்தக் கையால போட முடியுமா என்று உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. ஒத்தைக் கையால் எதற்கு? இன்னொரு கையில் போன் வைத்து ஊர்க்கதை பேசவா? ஒரு நாள் காலையில் அம்மியைத் தொட்டுப் பார்த்தேன், எலும்பாகக் காய்ந்து கிடந்தது. ஆனால் தட்டில் சட்னி இருக்கிறது! எதிர்வீட்டு ஷோபா முந்தானையில் மறைத்து ஏதோ கிண்ணம் கொண்டுவருவதையும் பார்த்தேன். கேட்டால் உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

அவளுக்கு உடம்பு வளையவில்லை, அதற்கு நீ மிஷின் அனுப்புகிறாய். அம்மாவும் மகளும் சேர்ந்துகொண்டு என் கண்ணில் மண்ணைத் தூவுகிறீர்கள். என்ன மறைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வரும் சனிக்கிழமை புரட்டாசி மூன்றாம் சனி, நம் வீட்டுத் தளிகை. சிட்டிபாபு சித்தப்பா குடும்பமும் வருகிறது. பெருமாளுக்கு ஏற்றும் மாவிளக்குக்கு நம் வீட்டில் ஊறவைத்த அரிசியை உரலில் கையால் இடித்த மாவுதான். மிக்ஸி மாவும் ஆகாது, கடை மாவும் ஆகாது. அதில் உன் அம்மா என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தானே போகிறேன்.

5-10-2025, ஞாயிற்றுக்கிழமை.

பிரீத்தி, கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். வேண்டாம், உன் நைனா எப்படிப்பட்ட ஆள் என்று நீயும் படி. சிட்டிபாபு இன்று ரயிலில் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று தளிகைக்கு மாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். இடித்த மாவு இப்படியா இருக்கும்? அத்தனை பேர் முன்னால் கத்தினேன். பெருமாளுக்கே பாக்கெட் மாவா, உனக்கு அவ்வளவு கொழுப்பா என்று கேட்டேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு வெல்லத்தைச் சேர்த்து இடது கையால் பிசைந்தாள். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. சாமி காரியத்துல பீச்சாங்கையா என்று அதற்கும் கத்தினேன். அவள் வலது கையில் மாவை எடுத்தாள். விரல் மடங்கவே இல்லை, பிரீத்தி. உருண்டை நழுவித் தரையில் விழுந்தது.

ஷோபாதான் குறுக்கே வந்தாள். அவள் என்னிடம் அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. நிறுத்துங்க மாமா, பாக்கெட் மாவும் இல்ல ஒண்ணும் இல்ல, நேத்து பூரா நான்தான் உரல்ல இடிச்சேன், மூணு தபா சலிச்சேன் என்றாள். அத்தைக்கு ரெண்டு மாசமா சோத்துக்கையில பலமே இல்ல, நீங்க துன்ற சட்னியும் எங்க ஊட்டு அம்மியில நான் அரைச்சுக்கினு வரதுதான் என்றாள். சிட்டிபாபுவின் சம்சாரம் மாவை எடுத்து விளக்காகப் பிடித்தாள். எல்லோரும் கோவிந்தா போட்டார்கள். என் வாயில் வரவில்லை.

எல்லோரும் போனபின் கேட்டேன். ஆடியில் மோட்டார் எரிந்துபோய் நான் ஊரைக் கூட்டிக் கத்தினேனே, அன்று காலையில்தானாம். கை மரத்துப்போய், வாய் ஒரு பக்கம் கோணி, அரை மணி நேரம் பேச்சே வரவில்லையாம். நான் வாசலில் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், இவள் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரெண்டு நாள் கழித்துக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஷோபாவுடன் புத்தூர் டாக்டரிடம் போயிருக்கிறாள். பிரஷர் மாத்திரை கொடுத்து, உடனே திருப்பதிக்குப் போய்த் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்தபடி இருக்கிறது. உன்னிடம் வெறும் கை வலி என்றுதான் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் நீ மிக்ஸி தேடியிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. மாப்பிள்ளையைப் பற்றி எழுதியதையும் மன்னித்துவிடு.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.  சொன்னா வேலைக்கு டிமிக்கி குடுக்கறேன்னு சொல்லியிருப்பீங்க என்றாள்.

ஆமாம், சொல்லியிருப்பேன். இல்லை என்று யாரிடம் சொன்னாலும் அது பொய். மேலே நானே எழுதி வைத்திருக்கிறேனே, உடம்பு வளையவில்லை என்று. சொந்தப் பெண்டாட்டி ரெண்டு மாசம் ஒரு கையால் குடும்பம் நடத்தியிருக்கிறாள், நான் அம்மியைத் தொட்டுப் பார்த்துத் திருட்டுக் கண்டுபிடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அந்த மிக்ஸி வேண்டாம். ஏமாற்று என்பதற்காகச் சொல்லவில்லை, அது நன்றாகத்தான் அரைக்கிறது. அந்த ஜாடியை இவள் தூக்க முடியாது, அந்த மூடியைப் போடவும் முடியாது. இன்று காலை ஷோபாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழைய மிக்ஸியில் நானே அரைத்தேன். உப்பு கூடிப்போயிற்று. ஆனால் சட்னி இறங்கியது.

புதன்கிழமை திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்றால் வரமாட்டேன் என்கிறாள். இப்போது ஒன்றும் இல்லை, சரியாகிவிட்டது என்கிறாள். நேற்று ராத்திரி தலை வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். ஆனால் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். எங்கே வலிக்கிறது, எது மரத்துப்போகிறது என்று என்னிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். நான் டாக்டரிடம் என்னவென்று சொல்வேன்?

செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடு, கண்ணு. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகவே சொல்லி லீவு போடு. வந்து அவள் பக்கத்தில் உட்கார். மகள் உன் முகத்துக்காகவாவது ஆஸ்பத்திரிக்கு வருவாள். இன்னொன்றும் நீதான் செய்ய வேண்டும். இனிமேல் நைனா கத்தமாட்டார், எதுவானாலும் அவரிடம் சொல் என்று அவளிடம் நீ சொல்லு. நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்ளும்,
உன் நைனா,
செங்கல்வராயன்.