அத்தாவுக்குள் தெரிந்த நட்சத்திரங்கள்

அன்பு மகள் இர்ஃபானாவுக்கு அம்மாவின் சலாமும் முத்தமும். ராஜபாளையத்தில் நானும் என் முழங்கால் வலியும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் சுகமாக இருக்கிறோம். நார்வே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் ஒட்டிக்கொண்டு இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்க கடிதம் எதற்கு என்பாய். போனில் அத்தா பேச்சை எடுத்தாலே நீ கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்தாலும் மீதி உள்ளேயே உட்கார்ந்திருக்கும், எங்கே போய்விடும்.

அத்தாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் காமிராப் பையை முதல் தடவையாகத் திறந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சீனிச்சாமி அண்ணன் மாந்தோப்பில் அத்தா மௌத்தான மறுநாள் அந்த அண்ணனே துடைத்துக் கொண்டுவந்து தந்தது, அதன்பிறகு யாரும் தொடவில்லை. செண்பகத்தோப்பு நரை அணில் படம் ஒன்றைப் பிரேம் போடலாம் என்று காமிராவின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வேல்பாண்டி ஸ்டுடியோவுக்குப் போனேன். பருத்திக்கொட்டை அடைத்த என் தலையணை உறையின் மேல் அந்தப் பீரங்கி லென்ஸைச் சாய்த்து, மூச்சை அடக்கி, பக்கத்தில் நிற்கிற என்னையும் மூச்சுவிட விடாமல் எடுப்பாரே, அந்தப் படங்களில் அணிலின் மீசை முடிகூடத் தனித்தனியாக இருக்கிறது. நான் எடுத்ததில் வால்தான் இருக்கிறது, சிலதில் அதுவும் பாதி. எல்லாம் பார்த்து முடித்து, மௌத்தான அன்றிரவு தோப்பில் எடுத்த கடைசிப் படம் வந்ததும் வேல்பாண்டி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். யக்கா, அத்தான் நிக்காவ, ஆனா அவிய நெஞ்சு வழியா நட்சத்திரம் தெரியுதே என்றான்.

நான் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் இந்தச் சேதி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி அந்தப் படத்தை வீட்டில் வைக்கவே வேண்டாம் மதினி என்கிறாள், சொல்லிவிட்டு எனக்கு மட்டும் ஒருதரம் காட்டுங்களேன் என்றும் கேட்கிறாள். நான்தான் பெரிய தைரியசாலி ஆயிற்றே, விளக்கை அணைக்காமல் படுத்தேன், பாத்ரூம் போகும்போது காமிரா இருக்கும் பீரோவுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் வந்துவிடுவாரோ என்று பயமில்லை மகளே, வந்தால் திரும்பவும் போய்விடுவாரே என்றுதான்.

காமிராக் கண் திறந்திருக்கும்போது பாதி நேரம் நின்றுவிட்டு நகர்ந்தால் இப்படித்தான் விழும் என்று வேல்பாண்டி பிறகு விளக்கினான். நம்பினேனா, இல்லை. மறுவாரம் அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு அதே தோப்புக்குப் போனேன், அண்ணனும் அவர் வீட்டு சண்முகத்தாயும் துணைக்கு நின்றார்கள். நீ உன் முதல் சம்பளத்தில் அனுப்பிய வானத்து லென்ஸ்தான் மாட்டியிருந்தது. ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, எலுமிச்சம்பழமாக இருப்பது கடுகாகச் சுருங்கும்வரை வளையத்தைத் திருகி, அந்த வளையம் அசையாமல் இருக்கப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார் உன் அத்தா. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. முப்பது விநாடி திறந்து கிடக்கும் காமிராவை அமுக்கிவிட்டு, பம்புசெட் பல்பு வெளிச்சத்தில் அவர் நின்ற இடத்துக்கு ஓடினேன், ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு. கொசு பிடுங்கியது, பாதியில் விலகிவிட்டேன். படத்தைப் பார்த்தால் என் வயிற்றுக்குள்ளேயும் நட்சத்திரம், உயிரோடு இருக்கும்போதே பேயாகிவிட்டேன். சண்முகத்தாய் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மதினி, ஒங்களுக்கு மொகமே இல்லியே, கொசு வெரட்டுன கைதான் எட்டு இருக்கு என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தா படத்தில் முகம் தெளிவாக இருக்கிறது. வலது கையைத் தூக்கியிருக்கிறார், அஞ்சு விரலையும் எண்ணலாம். ஆதார் கார்டுக்குப் படம் எடுக்கும்போதுகூட அசைந்து திட்டு வாங்கிய மனுஷன், கை வலிக்க வலிக்க அசையாமல் நின்றிருக்கிறார். வீடியோ காலில் உன் முகம் வந்ததும் ஒரு கையைத் தூக்குவாரே, அதே கை, அதே சிரிப்பு. நின்று முடித்துத் தன் காலால் நடந்து படத்தை விட்டு வெளியே வந்திருக்கிறார். அதற்கப்புறம்தான் பம்புசெட் சுவரில் சாய்ந்திருக்கிறார், உறங்குதாகன்னுல்ல நெனச்சேன் தங்கச்சி என்று அண்ணன் இன்றும் சொல்லி அழுகிறார்.

நீ, நான் லென்ஸ் அனுப்பாமல் இருந்திருந்தால் அத்தா அந்த இருட்டுக்குப் போயிருக்கமாட்டார் என்று சொன்னாய். போயிருக்கமாட்டார்தான். நம் பெயிண்ட் கடையில், தின்னர் டப்பாவுக்கும் பிரைமர் டப்பாவுக்கும் நடுவில், நான் திட்டிக்கொண்டிருக்கும்போது போயிருப்பார். எந்த இடத்தில் இருந்தாலும் அன்றைக்கு அந்த நெஞ்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்ல நீ விடவே இல்லை. உன்னால் அவருக்குக் கிடைத்தது அந்த வானம்தான், வேறொன்றும் இல்லை.

படத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது பார். ரப்பு உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். காதை மூடிக் குல்லா போடு. லென்ஸ் வளையத்துப் பிளாஸ்திரியை நான் பிரிக்கவில்லை, நீ வரும்வரை பிரிக்கவும் மாட்டேன். என் முகம் கலைந்துபோன அந்தப் படத்திலும் நட்சத்திரம் எல்லாம் கடுகு கடுகாகத்தான் விழுந்திருக்கிறது, அவர் வைத்துவிட்டுப் போனபடியே.

உன் அம்மா
நசீமா பாரூக்