பொட்டுக்கடலைக்குப் பதில்

என் செல்ல மகனுக்கு,

எங்கள் இருவர் உடம்புக்கும் குறையில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் தொடங்குகிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் ஆறு மேஜை போட்ட கடையில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். மதியக் கூட்டம் முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவர் காய்கறி வாங்கப் போன நேரத்தில் எழுதுகிறேன். கடையில் ஏதோ சின்னத் தகராறு என்று சித்தி உன்னிடம் சொன்னாளாம். சின்னது இல்லை.

சனிக்கிழமைதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாரே பஸ் டிரைவர், அந்தப் பெண்ணுக்குக்கூட நீ ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்தாய், பலகையில் எழுதியிருப்பதை உரக்கப் படித்து ஒற்று விட்டுப்போனதைத் திருத்துவாள் என்று. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது, பட்டாலே மூச்சு அடைக்கும். முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது, "எதுலயாவது வேர்க்கடலை சேப்பீங்களாம்மா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "இது வீட்டுச் சாப்பாடுங்க, என் புள்ளைக்குப் போடறதத்தான் போடறேன்" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. அந்த ஒரு பேச்சை நம்பி இரண்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

போனதுக்கு முந்தின சனிக்கிழமை குருமாவுக்குத் தேங்காய் அரைக்கும்போது பொட்டுக்கடலை டப்பா காலி. பக்கத்திலேயே நாம் கொறிக்க வைத்திருந்த வறுத்த வேர்க்கடலை இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி மிக்ஸியில் போட்டுவிட்டேன். வீட்டில் எத்தனை தடவை செய்திருக்கிறேன், இது இல்லையென்றால் அது, இருப்பதை வைத்துச் சமைப்பதுதான் கைப்பக்குவம் என்று பெருமை வேறு. யார் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டாவது சப்பாத்தியில் அந்தக் குழந்தைக்கு உதடு தடித்துவிட்டது. அவர் இதற்கென்றே பையில் வைத்திருக்கும் மருந்து ஊசியை எடுத்துத் தொடையில் குத்திவிட்டு, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்துக்கொண்டாள், பயப்படாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போன் செய்து, "என்ன போட்டீங்க, டாக்டர் கேக்கறாரு" என்றார். போனை எடுத்தது அப்பா. "நம்ம கடையில வேர்க்கடலையே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று சாயங்காலமே அப்பா அந்த வேர்க்கடலை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். சுகாதார அதிகாரி நாளை பத்து மணிக்கு வருகிறார். அதே பேச்சைத்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா என்னிடமும் காய் வெட்டும் அக்காவிடமும் சொல்லிவைத்தார். அக்கா தலை நிமிராமல், "எனக்கு வெண்டைக்காய் வெட்டத்தான் தெரியும், பொய் சொல்றதுக்குத் தனியா ஆள் வைங்க" என்றாள்.

நேற்று அவள்தான் வந்து சொன்னாள், அவளும் டிரைவரும் ஒரே மாடிக் குடியிருப்பு. வேர்க்கடலை இல்லை என்று நாம் சாதித்ததால், புதிதாக வேறு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கண்டுபிடிக்கும்வரை எதுவும் சேர்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பத்து நாளாக அந்தக் குழந்தைக்கு வெறும் சோறும் உப்பும். "தட்டப் பாத்தாலே அழுவுது" என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ படிச்சவ, எங்கயாவது பொழச்சுக்குவ. இந்த அடுப்ப விட்டா எனக்கு என்ன தெரியும், சொல்லு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டிரைவர் கதவைப் பாதிதான் திறந்தார். நான் போட்டதையும் மறைத்ததையும் நின்றபடியே சொன்னேன். கேட்டு முடித்து, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என் பொண்ணு பத்து நாள் பட்டினி கிடந்திருக்க மாட்டா" என்றார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார். அங்கேயே நின்றேன். உள்ளே அவர், "முட்ட ஊத்தித் தரவா?" என்று கேட்பதும், "ரெண்டு" என்று அந்தப் பெண் சொல்வதும் கேட்டது.

நாளை அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போடப் போகிறேன். கடை இருக்குமா, அப்பா என்னோடு எப்போது பேசுவார், ஒன்றும் தெரியவில்லை. நீ நல்ல மனசோடும் நோய்நொடி இல்லாமலும் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. இது உன் கைக்கு வந்த பிறகு ஒருநாள் அப்பா உனக்குப் போன் செய்வார். என்மேல் உள்ள கோபத்தையெல்லாம் கொட்டுவார், கொட்டட்டும், முழுக்கக் கேட்டுக்கொள், அவருக்கு இப்போது உன்னை விட்டால் ஆள் இல்லை. ஆனால் நாம் வேர்க்கடலை போடவே இல்லை என்று சொன்னாரானால், அதற்கு மட்டும் உம் கொட்டாதே.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா