ஒற்றை நட்சத்திரம்

நவம்பர் 3, திங்கள்

மகள் ஜூடித் எழுதிய நாவலில் இன்றோடு நாற்பது பக்கம் ஆயிற்று. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. பத்தாம் வகுப்பை இரண்டாம் முறையில் தாண்டியவனுக்குப் பெற்ற பிள்ளை கொடுத்த தண்டனை. செவ்வாய் கிரகத்தில் ஒரு நகரம், தண்ணீர் பங்கிட ஒரு இயந்திரம், அதைக் கைப்பற்ற இரண்டு கட்சிகள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு லிஃப்ட் கயிறே இல்லாமல் ஏறுகிறது. லிஃப்ட் மெக்கானிக் அப்பனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

இணையத்தில் வாசகர்கள் எழுதியதை ஆஞ்சலா உரக்கப் படித்தாள். என் மனைவிக்கு நியூஸ் வாசிப்பவள் என்று நினைப்பு. ஒருவர் அரசியல் பிரமாதம், அறிவியல் தப்பு என்கிறார். அடுத்தவர் அறிவியல் பிரமாதம், அரசியல் தப்பு என்கிறார். சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் கொயர் மாஸ்டர் காதோடு கேட்கிறார்: "ஆம்ப்ரோஸ், நாவல்ல வர்ற அந்தத் திருட்டு மந்திரி நம்ம பங்குப் பேரவை செக்ரட்டரிதானே?"

சிரித்தேன். சிரித்தது அதோடு சரி.

நவம்பர் 12, புதன்

என்னோடு வேலை செய்யும் கன்னடக்காரன் ரங்காவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவன் போனில் ஒரு படம் வந்திருந்தது. "இதுல என்னா எழுதிருக்கு, ஸ்வல்ப ஓதி சார், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. குரூப்ல எல்லாரும் கோபமா இருக்காங்க."

பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஜூடித்தின் இருநூற்றுப் பதினோராம் பக்கம். தண்ணீர் வேண்டுமென்றால் தாய்மொழியை விட்டுவிடு என்று இயந்திரம் சொல்கிறது, மந்திரி தலையாட்டுகிறார். எந்த மொழி என்று அவள் எழுதவே இல்லை. அதனால் கன்னடக்காரர்கள் எங்களைச் சொல்கிறாள் என்கிறார்கள், தமிழ்க்காரர்கள் எங்களைச் சொல்கிறாள் என்கிறார்கள்.

"சர்ச் நோட்டீஸ்" என்றேன்.

"நோட்டீஸுக்கு எதுக்கு சார் நம்பர் எரநூத்திப் பதினொன்னு?"

தொண்ணூற்றொன்று ஆற்றுத் தண்ணீர்க் கலவரத்தில் இந்த ஊரில் தமிழர் கடைகளை உடைத்தபோது, அப்பா தன் கடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் தன் கையாலேயே தார் பூசினார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இன்றைக்கு மூன்றாம் மாடியில் ஒரே ஸ்க்ரூவை மூன்று முறை மாட்டிக் கழற்றினேன். இருபத்து மூன்றாம் தேதி அல்சூரில் வாசகர் கூட்டம் வேறு. அவள் மேடையில் உட்காரப் போகிறாள்.

நவம்பர் 13, வியாழன்

செய்துவிட்டேன். வாசகர்கள் எழுதும் அந்த இணையப் பக்கத்தில் வைத்தீஸ்வரன் என்று பெயர் கொடுத்து, ஐந்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினேன்: "இதில் அரசியலும் இல்லை, ஒன்றும் இல்லை. தூக்கம்தான் வந்தது. தயவுசெய்து யாரும் படிக்க வேண்டாம்."

படித்தால்தானே கோபம் வரும்? சாமர்த்தியமான அப்பன் நான்.

நவம்பர் 16, ஞாயிறு

வைத்தீஸ்வரனுக்கு முந்நூற்று நாற்பது லைக். என் பத்தாம் வகுப்பு மார்க்கைவிட அதிகம்.

துரோகி என்று எழுதியவர்களையெல்லாம் ஜூடித் சட்டை செய்யவில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் அழுதாள். "திட்டுறவங்க படிச்சிட்டுத் திட்டுறாங்கப்பா. இவர் தூங்கிட்டாராம்." இருபத்து மூன்றாம் தேதிக் கூட்டத்துக்குப் போக மாட்டாளாம். எழுத ஆரம்பித்திருந்த இரண்டாம் பாகத்தையும் பீரோவில் வைத்துவிட்டாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

நவம்பர் 18, செவ்வாய்

பீரோ திறக்கவே இல்லை.

நவம்பர் 20, வியாழன்

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டில் ஒருவன். முப்பது வயதிருக்கும், தோளில் பை. "ஜூடித் மேடம் வீடு இதானே?"

கேட்டைத் திறக்காமலே சொன்னேன்: "அப்படி யாரும் இங்க இல்லியே."

"ஆம்ப்ரோஸ் சார் வீடுன்னு சர்ச்சுல சொன்னாங்களே?"

"நான் வாடகைக்கு இருக்கறவன்பா."

பைபிளில் மறுதலித்தவனுக்குக் கூவிய சேவல் இங்கே கூவவில்லை. உள்ளே குக்கர்தான் கூவியது.

அவன் பைக்குள் கையை விட்டான். நான் கேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்தது புத்தகம். ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலையாம், பெயர் சாய்கிருஷ்ணா. கையெழுத்து வாங்க இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான்.

"ஒருத்தர் ஒத்தை ஸ்டார் போட்டு, தயவுசெஞ்சு படிக்காதீங்கன்னு எழுதியிருந்தார் சார். புடிக்காத புக்குக்கு யாராவது இப்படிக் கெஞ்சுவாங்களா? அந்தாளு தூங்கல, பயந்துருக்கான். அப்படி என்னதான் இருக்குன்னுதான் வாங்கினேன்."

கையெழுத்து வாங்காமலே பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை. ஒரு தம்ளர் தண்ணிகூடக் கொடுக்கலையே நான்.

நவம்பர் 21, வெள்ளி

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். வைத்தீஸ்வரன், கேட், ஹெப்பகோடிக்காரன், எல்லாம். ஆஞ்சலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஜூடித் கத்தவில்லை. போனை எடுத்து அந்த வரிகளை மறுபடியும் படித்தாள். "ஒரு பிழைகூட இல்லையேப்பா. எத்தனை தடவை எழுதிப் பாத்தீங்க?"

"நாலு."

"தூக்கம் வந்துச்சுன்னது?"

"அது நெசம். முதல் நூறு பக்கம்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 22, சனி

லீவு போட்டுப் படித்தேன். பக்கம் 305. காலையில் அவளே கூட்டத்துக்காரர்களுக்குப் போன் செய்து, "ரெண்டு பஸ் மாறி ஒருத்தர் வந்திருக்கார், நானும் வர்றேன்" என்றாள். என்னிடம் இன்னும் பேசவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அல்சூர்க் கூட்டத்தில் கதவோரமாக உட்கார்ந்தேன். வெளியே பைக் நின்ற சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். அறுபது பேர். மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்து, "இது நம்மளக் கேவலப்படுத்துற புக்கு!" என்று கத்தினார். "நீங்க முழுசாப் படிச்சீங்களா சார்?" என்று ஒரு பெண் எகிறினாள். நாற்காலி ஒன்று சாய்ந்தது. யாரோ என் பக்கம் மைக்கை நீட்டி, "பெரியவரே, நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

எழுந்து நின்றேன். "முந்நூறு பக்கம் படிச்சிருக்கேன். எனக்கு யார் மேலயும் கோபம் வரல. பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்?" என்றார் மூன்றாம் வரிசைக்காரர்.

"எழுதினது என் பொண்ணு சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஜூடித்தைப் பார்த்தார். உட்கார்ந்து, குரலை இறக்கி, "சரிம்மா, அந்த மந்திரி ஏன் தலையாட்டினான்? அதைச் சொல்லு" என்றார். அரை மணி நேரம் வாதாடினார்கள். இருவரும் ஒத்துப்போகவில்லை.

நாளைக் காலை ஐந்து மணிக்கு, எழுத உட்கார, எழுப்பிவிடச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறாள். பீரோச் சாவி அவள் மேஜை மேல் இருக்கிறது. இரண்டாம் பாகம் இதைவிடப் பெரியதாம்.

பயம் போகவில்லை. அலாரம் வைத்துவிட்டேன்.