இருபத்தாறு காலடிகள்

மார்ச் 10, திங்கள், காலை 7.10

அக்கா,

நேற்று, ஞாயிறு, மாலை 4.52. ஆட்டம் முடிய ஒரு நிமிடம். உன் மகள் பின்னால் வைத்த காலடிகள் இருபத்தாறு. பந்தைப் பறிக்கக் கால் நீட்டியது: பூஜ்யம். வீடியோவை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை எண்ணினேன். சந்தேகம் என்றால் நீயும் எண்ணிக்கொள்.

போனில் குறுக்கே குறுக்கே பேசுகிறேன், உன்னை முடிக்க விடுவதில்லை என்றாய். சரி, எழுதுகிறேன். துவைக்க வேண்டிய பயிற்சிப் பனியன் மூட்டைக்குள் இதை வைத்து, உங்கள் காவலாளி அண்ணனிடம் கொடுக்கிறேன்.

எதிரணியின் ஒன்பதாம் நம்பர் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி வந்தாள். எதிரே உன் மகள் அணில் மட்டும். அணில் பின்னால் போனாள், போனாள், கோல் பாக்ஸுக்குள் வரைக்கும் போனாள். அந்தப் பெண் நிதானமாக அடித்துவிட்டுப் போய்விட்டாள். 0–1. அரையிறுதி போச்சு.

பிறகு நான் கேட்டதற்குத்தான் உனக்குக் கோபம். "கால் எதுக்கு இருக்கு, ஷூ மாட்டவா?" என்றேன். மற்ற பதினாலு பேர் முன்னால்தான். பன்னிரண்டு வயது என்பது சின்ன வயதில்லை. மைதானத்தில் மாமா கிடையாது, கோச்தான்.

அடுத்த லீக்குக்கான அவள் படிவம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. கடைசி நாள் 17, மதியம் பன்னிரண்டு.

தம்பி


மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா? காவலாளி அண்ணன் நீ இளைத்துவிட்டதாகச் சொன்னார். லிஃப்ட் வேலைக்குப் போகும்போதாவது வயிற்றைக் காயப் போடாதே.

பனியன்களைத் துவைத்துவிட்டேன். படிவத்தைப் பிறகு பார்க்கலாம்.

எனக்கு உன் ஆட்டம் புரியாது. ஆனால் மூன்று மாதமாக வீட்டு வராந்தாவில் உன் பாடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, "ஒரு கை தூரம் விடு, கண்ணு பந்து மேல, காலை நீட்டாத, அவ தப்பு பண்ற வரைக்கும் பொறு" என்று முணுமுணுத்தபடி பின்னால் போவாள். துணிக்கொடியில் இடித்துக்கொள்வாள். நான் சிரிப்பேன், அவள் சிரிக்க மாட்டாள்.

நேற்று அவளிடம் கேட்டேன், "ஏண்டி நிக்கல?"

"அவ தப்பே பண்ணலம்மா. பந்து காலோட ஒட்டிக்கிட்டே வந்துச்சு. நான் பொறுத்துக்கிட்டே இருந்தேன்."

"எங்க நிக்கணும்னு மாமாவக் கேட்டிருக்கலாமே?"

"ஜனவரியிலயே கேட்டேன். கேள்வி கேக்குற நேரத்துல ரெண்டு ரவுண்டு ஓடுன்னாரு. ஓடிட்டேன்."

இது நிஜமா? உன்னிடம் கேட்காமல் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12, புதன், காலை 6.50

அக்கா,

அப்படிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வாரத்துக்கு நாற்பது கேள்வி வருகிறது. எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னால் பயிற்சி எப்போது கொடுப்பது?

பின்னால் கோல் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும். பாக்ஸ் நெருங்கினால் நின்று மோத வேண்டும். இதற்குத் தனியாகப் பாடம் வேண்டுமா? எல்லாம் செல்லத்தில் வருவது. கேட்க நீ இருக்கிறாய் என்று வீட்டில் அழுகிறாள்.

படிவம் என்ன ஆச்சு? இந்த மூட்டையில் மூன்று பனியனில் சேறு அதிகம், ஊற வைத்துத் துவை.

தம்பி


மார்ச் 13, வியாழன்

தம்பி,

பனியன்களைத் துவைக்காமல் அனுப்புகிறேன். படிவத்திலும் கையெழுத்து இல்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் சுலபம். ஷூவைத் துடைத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, "கோச் வீட்டுக்கு வந்தா இனிமே என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

டிப்ளமோ படிக்க நீ எங்கள் ஹாலுக்கு வந்தாய். அப்புறம் என் மேசை உன் மேசை ஆனது. ஞாயிற்றுக்கிழமைகள் உன் மாட்ச் ஆனது. வாஷிங் மெஷின் உன் டீமுடையது ஆனது. சின்னவன்தானே, படித்தவன்தானே என்று ஒவ்வொன்றாய் விட்டுக்கொடுத்துப் பின்னாலேயே போனேன். எனக்கும் யாரும் எங்கே நிற்பது என்று சொல்லித் தரவில்லை.

இன்று நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் அவள் இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 14, வெள்ளி, காலை 6.20

அக்கா,

உன் கடிதத்தை நேற்று மதியம் ஒரு லிஃப்ட் மோட்டார் அறையில் நின்று படித்தேன். கோபம் வந்தது. உன்னைப் பொய்யாக்கிக் காட்டத்தான் மாலைப் பயிற்சியில் பதினாலு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன்: "பின்னாடி போறப்ப எங்க நிப்பீங்க?"

பாக்ஸ் கோட்டில் என்றவர்கள் இரண்டு பேர். கோல் கோட்டில், மூன்று பேர். "கோல்கீப்பர் மேல மோதுற வரைக்கும் கோச்", ஒருத்தி. மிச்ச எட்டுப் பேர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நம் கோல்கீப்பர்தான் வாயைத் திறந்தாள்: "அணில் ஒரு தடவ கேட்டா கோச். நீங்க அவள ரெண்டு ரவுண்டு ஓட விட்டீங்க."

ஞாபகம் வந்துவிட்டது. அன்று அவள் இடது ஷூவின் நாடா அவிழ்ந்திருந்தது. அப்படியே ஓடினாள்.

ஒவ்வொரு லிஃப்டிலும் கடைசித் தளத்தைத் தாண்டினால் நிறுத்துவதற்கு ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கும். அதை மாட்டாமல் எவனாவது லிஃப்டை ஓட விட்டால் அவனை நான் வேலைக்கே வைத்துக்கொள்ள மாட்டேன். என் பாடத்தில் நான் அதை மாட்டவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை அணில் ஒன்றுவிடாமல் செய்தாள். வீடியோவை மறுபடி பார்த்தேன். இருபத்தாறு காலடியிலும் ஒரு கை தூரம் மாறவே இல்லை. என்னிடம் அப்படிச் செய்கிறவர்கள் வேறு யாரும் இல்லை.

உன் மேசையைப் பற்றி எழுதத் தெரியவில்லை. செய்யப் போவதை எழுதுகிறேன்.

1. நாளை, சனி, 3.30. பாக்ஸுக்கு ஐந்து காலடி முன்னால் சுண்ணாம்புக் கோடு போடுவேன். அதற்குப் பின்னால் யாரும் போகக் கூடாது. பந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அங்கே மோத வேண்டும்.

2. மணி 4.00. அன்று நின்று திட்டிய அதே இடத்தில், அதே சத்தத்தில், அந்த கோல் என்னுடையது என்று சொல்வேன். அணில் வராவிட்டாலும் சொல்வேன்.

3. பிறகு இரண்டு ரவுண்டு ஓடுவேன்.

4. பனியன்களை நானே துவைத்தேன். மஞ்சள் எல்லாம் பச்சையாகிவிட்டது, நீலத்தோடு போடக் கூடாதாம். இனி அது என் வேலை.

5. படிவத்தை இதில் வைக்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவளுக்கு வேண்டுமென்றால் திங்கள் மதியம் வரை என்னிடம் இருக்கும். இல்லாவிட்டால் பதினாலு பேரோடு ஆடுவோம். அவள் நம்பரை வேறு யாருக்கும் தர மாட்டேன்.

6. ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டு மணியை அடிப்பேன். சாவி என்னிடம் இருந்தாலும் அடிப்பேன். அணில் திறக்காவிட்டால் வெளியே நிற்பேன். எது வரைக்கும் நிற்கணும் என்று அவளைக் கேட்பேன். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேச மாட்டேன்.