நாய்க்கல் மூழ்குமுன் எங்கள் ஆண்டெனாவைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
டெல்ஃபினா தப்புய்,
சாச்சாயாக்கு கிராமம், ஆற்றின் மேல்கரை.

பெறுநர்:
ஒலிபரப்பு அனுமதி அலுவலர் அவர்கள்,
மாகாணத் தலைநகர்.

பொருள்: பறிமுதல் செய்த வானொலி ஆண்டெனாவைத் திருப்பித் தருதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் ஆற்றில் உள்ள நாய்க்கல் மூழ்கினால், இரண்டு மணி நேரத்தில் கீழ்க்கரைத் தாழ்வில் வெள்ளம் புகும். அதை முன்கூட்டிச் சொல்லத்தான் சிறிய வானொலி நிலையம் வைத்திருக்கிறோம். இங்கே கைபேசி எடுக்காது. ஓடத்தில் போனால் வெள்ளம் முந்திவிடும். என் மகள் ரோசால்பா, பிறந்து பதினெட்டு நாளான குழந்தையுடன் அந்தத் தாழ்வில்தான் இருக்கிறாள். மேட்டுக்கு ஏற அரை மணி போதும். யாராவது சொல்ல வேண்டும்.

2. ஆண்டெனாவைச் செய்தது நானும் என் கொழுந்தன் இலாரியோவும். எழுபத்திரண்டு சென்டிமீட்டரில் இரண்டு செம்புக் குழாய். கேபிளின் நடுக்கம்பி ஒன்றில், வலைக்கம்பி மற்றொன்றில். ஊரே கூடி மரக்கம்பத்தில் ஏற்றியது. அனுமதி கேட்டு இரண்டு வருடம் முன்பு எழுதினோம். பதில் இல்லை.

3. சென்ற புதனன்று தங்கள் ஆய்வாளர் கேபிளை வெட்டி ஆண்டெனாவை எடுத்துப்போனார். நாங்கள் ரகசியக் குறிப்பு ஒலிபரப்பினோமாம். எங்கள் ஒலிபரப்பைக் கேட்டு அவர் எழுதிக்கொண்ட சான்று: "செராஃபின் மாமா கனவுல பெரிய பாம்பு ஆத்தோட இறங்கி வந்துச்சாம். நேத்து மீனை ஒரு பிடி பிடிச்சிருப்பாரு. இருந்தாலும் இன்னிக்குப் பிள்ளைங்கள குளிக்க விடாதீங்க." ஐயா, விடியற்காலையில் குவாயுசா இலைக் கஷாயம் குடித்துக்கொண்டே கனவைச் சொல்வது எங்கள் வழக்கம். அதை வானொலியில் சொன்னது தப்பென்றால் நிறுத்திவிடுகிறோம்.

4. என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளியன்று தண்ணீர் ஏறிய பதற்றத்தில், ஆண்டெனா இல்லாமலே டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டேன். "ஆண்டெனா மாட்டாம சுவிட்சத் தொட்டீங்க, பெட்டி கருகிடும் அண்ணி" என்று இலாரியோ நூறு முறை சொல்லியிருந்தும் போட்டேன். தீய்ந்த வாடை வந்ததும் அணைத்தேன். பெட்டி பிழைத்ததா, தெரியாது. அன்று தண்ணீர் தானாக வடிந்தது. எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

5. வேறு இரண்டு குழாய்களை அளந்து அறுத்து வைத்திருக்கிறேன். தங்கள் பதில் வரும்வரை கம்பத்தில் ஏற்றமாட்டேன். ஆனால் நாய்க்கல் மூழ்கினால் காத்திருக்கமாட்டேன். அந்தக் குற்றத்துக்கு இம்மனுவையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எங்கள் ஆண்டெனாவையும், மழைக்காலம் முடியும்வரை ஒரு தற்காலிக அனுமதியையும், இம்மனுவைக் கொண்டுவரும் இலாரியோவிடமே கொடுத்தனுப்பக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இடம்: சாச்சாயாக்கு
நாள்: ஏப்ரல் 23, காலை

இப்படிக்கு,
டெல்ஃபினா தப்புய்

கையெழுத்திடும்போது தண்ணீர், நாய்க்கல்லின் உச்சிக்கு நான்கு விரல் கீழே.