நனையக் கூடாத கடதாசிக் கட்டுகள்

கல்குடா
20.01.1991

அன்புள்ள மகள் புஸ்பத்துக்கு,

கண்ணகை அம்மன் காவலில் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். மன்செஸ்டரிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. ஆராய்ச்சிக்கூடம் எந்த அளவில் நிற்கிறது, தொட்டிகளுக்குக் குழாய் பூட்டியாகிவிட்டதா, ஆனியில் படிப்பு முடிந்ததும் வந்து வேலையைத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன் மகள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலையை அப்பா எப்படித் துப்புரவாக்கினார் என்று நீ போகும்போதே பார்த்தாய். ஐஸ் உறைய வைத்த தொட்டிகளில் பழங்கடதாசியை ஊறவைத்து, மையை எடுத்து, திரும்பவும் வெள்ளைக் கடதாசி ஆக்க வழி கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் போட்ட திட்டம்தானே. ஏறாவூர் மஜீட் காக்கா லொறியில் கொண்டுவந்து தந்ததை எல்லாம் கொப்பி வேறு, பேப்பர் வேறு, சீமெந்துப் பை வேறு என்று அப்பா கட்டிக் கட்டி அடுக்கினார். உன் அப்பாவைத் தெரியும்தானே, குப்பைக்கும் குலம் கோத்திரம் பார்க்கிறவர். தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டுபட்ட பிறகு மஜீட் காக்கா வருவதில்லை. அவர் இங்கே வரப் பயம், நாங்கள் அங்கே போகப் பயம்.

ஐப்பசியில் ஆமி அந்தக் கட்டிடத்தை முகாம் போட எடுத்துக்கொண்டது. கடதாசிக் கட்டுகளை வெளியே இழுத்து வந்து மண்மூட்டைக்குப் பதிலாகச் சுற்றிவர அடுக்கினார்கள். அப்பா பேசாமல் இருந்திருக்கலாம். மழை தொடங்கியதும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழைக்கு மூடுகிற படங்கைத் தோளில் போட்டுக்கொண்டு காவலடிக்குப் போய், கட்டுகளை நனைய விடாதீர்கள், ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள் என்று மன்றாடியிருக்கிறார். பழங்கடதாசிக்கு யார் இப்படி அழுவார்கள், உள்ளே எதையோ ஒளித்திருக்கிறார் என்று எல்லாவற்றையும் வெட்டிக் கொட்டிவிட்டார்கள். இவரையும் பிடித்து வைத்திருந்து பிறகுதான் வெளியே விட்டார்கள். என்ன செய்தார்கள் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. வலது கையால் சோறு பிசைய முடியாது, நான்தான் ஊட்டிவிடுகிறேன்.

அப்படியிருந்தும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் பறந்து வருகிறதைப் பொறுக்கி வந்து கொடியில் காயப்போடுகிறார். பிள்ளை வந்தால் எல்லாம் சரிவரும் என்று சொல்லிக்கொண்டே திரிகிறார். இனி ஒன்றும் சரிவராது மகள். நீ வராதே. அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொள். அவருக்கு எழுதும்போது மட்டும் ஆனியில் வருகிறேன் என்று எழுது, ஆனி கழிந்தால் தையில் என்று எழுது. பெற்றவளே பொய் சொல்லப் பழக்குகிறாள் என்று கோபிக்காதே.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. அம்மன் உன்னை எங்கிருந்தாலும் காப்பாற்றட்டும். இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டுவிடாதே. உன் கடிதங்களை இடது கையால் அவர்தான் உடைத்து வாசிக்கிறார்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஆசையுள்ள அம்மா,
அ. இரத்தினம்மா