நீ கொடுக்காத பேட்டி

போன வாரம் உன் பேட்டியைப் படித்தேன். நீ போய் நான்கு வருடம் ஆகிறது.

பள்ளியிலிருந்து பழுப்பு உறையில் வந்த கட்டுரைகளில் அது ஏழாவது. வழக்கம்போல இந்த வருடமும் கட்டுரைப் போட்டிக்கு நான்தான் நடுவர். 'என் குடும்பத்தில் ஒருவருடன் நேர்காணல்' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். நான்கு தாள், பிரிண்டர் மையின் வாசம் இன்னும் போகவில்லை. மேலே உன் பேத்தி தர்ஷினியின் பெயர். அவள் முதல் கேள்வியைக் கேட்கும் முன்பே நீ ஆரம்பித்திருந்தாய்: "வாம்மா ரிப்போட்டரு, இன்னிக்கு யாரு வீட்டுக் கதையைத் திருட வந்தே?"

என்னைப் பார்த்ததும் நீ சொல்வது அதுதான். 'டா' மட்டும் 'ம்மா' ஆகியிருந்தது. சிரித்துவிட்டேன். நீ இருந்த காலத்தில், தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே, அவள் உன்னிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கெட்டிக்காரி, தாத்தாவைப் போல என்றும் நினைத்தேன். கடைசிக் கேள்வி வரை அப்படியே நினைத்துக்கொண்டு படித்தேன்.

"தாத்தா, நீங்கள் ஏன் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டீர்கள்?"

"ஒரே சைக்கிள், அதுவும் பழசு. ரெண்டு பேரைத் தாங்காது. அவன் போகட்டும்னு நான் நின்னுட்டேன். அதுக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லைம்மா."

தாளை மேசையில் வைத்தேன்.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். நாம் இருவரும் ஆறாம் வகுப்பில் தேறினோம். கணக்கிலும் கட்டுரையிலும் நீ எனக்கு மேலே. இடைநிலைப்பள்ளிக்குப் போக, ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்துப் பெரிய ரோட்டுக்கு வந்து பஸ் ஏற வேண்டும். என் அப்பாவின் சைக்கிளில் இருவரும் டபுள்ஸ் போவதாகப் பேச்சு. முதல் நாள் காலை ரப்பர்ப் பால் நிறுக்கும் ஸ்டோர் பக்கத்தில் காத்திருந்தேன். நீ வரவில்லை. லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு நான் தனியாகப் போனேன். மதியம் பள்ளி விட்டுத் திரும்பும்போது நீ உன் அம்மாவுக்குப் பின்னால் பால் வாளி தூக்கி வந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக் கை காட்டினாய். ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்தக் கடைசிப் பதில் எங்கிருந்து வந்தது?

நாற்பது வருடம் செய்தி எழுதியவன் நான். யார் சொன்னது, எங்கே, எப்போது என்று தெரியாமல் மேற்கோள் குறி போட்டதில்லை. அப்படிப்பட்டவன் அரை மணி நேரம் என்ன செய்தேன் தெரியுமா? நீ இதை எப்போது சொன்னாய் என்று என் தலைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். பெடாஸ் டவுன் ஒட்டுக்கடையில் டீ குடிக்கும்போதா, உன் மகன் கல்யாணத்திலா? அந்த வாக்கியம் உன் குரலில் கேட்டது. நீ மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டது. ஐம்பது வருடமாக நான் பயந்திருந்த பதில் அது. கூடவே எனக்கு மன்னிப்பும் இருந்தது. அதனால்தான் நம்பத் தோன்றியது.

பிறகு பழைய நோட்டுப் புத்தகங்களை இறக்கினேன். தோட்டம் கைமாறி, பால்மரத்தை வெட்டிச் செம்பனை நடப்போகிறார்கள் என்றபோது உன் 'வாடா ரிப்போட்டரு'வில் தொடங்கி, நம் சைக்கிள் பேச்சையும் சேர்த்து உன்னைப் பற்றி ஞாயிறு பதிப்பில் எழுதினேனே, அந்த வாரத்து நோட்டு. என் பழக்கம் உனக்குத் தெரியும். கேள்வியை எழுதி, கீழே நான்கு வரி காலியாக விடுவேன். ஆள் வாய் திறக்கும்வரை பென்சிலை எடுக்கமாட்டேன். "கோடு போட்ட தாளை இப்படி வீணாக்குறியே, ஒங்க முதலாளி ஒண்ணும் சொல்லமாட்டாரா?" என்று கேலி செய்வாய்.

அன்று ஸ்டோர் தகரத்தின் கீழ் உட்கார்ந்து ஒருவழியாகக் கேட்டேன். "ஏன்டா அன்னிக்கு நீ வரல?" நீ பால் வெட்டும் கத்தியைத் துணியில் துடைத்தாய். வானத்தைப் பார்த்தாய். "மழை வருது, கெளம்பு. காயிதம் நனைஞ்சா ஒம் பொழப்பு போச்சு."

அதை நான் பதிலாகக் கணக்கில் எடுக்கவில்லை. பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்திருக்கிறேன், அதற்குக் கீழே 'மழை வரவில்லை' என்றும். நான்கு வரி காலியாகவே இருக்கிறது. நான் மறுபடி கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மறுநாள் நோட்டோடு உன் வீட்டுக்குப் போனேன். தர்ஷினி எதையும் மறைக்கவில்லை.

"ஆமா தாத்தா, ஏஐதான். நீங்க எழுதுன பேப்பர் செவுத்துல மாட்டியிருக்கில்ல, அதைப் படம் புடிச்சுப் போட்டேன். எங்க தாத்தா மாதிரி பேசுன்னேன். பேசுச்சு. டீச்சரும் ஐடியா எடுத்துக்கலாம்னாங்க லா."

"பாட்டிகிட்ட கேக்கலையா?"

"கேட்டேனே. 'அதெல்லாம் இப்ப எதுக்கு, போய் சாப்புடு'ன்னுச்சு. ஏஐ நான் கேட்டதுக்கெல்லாம் சொல்லுச்சு."

"ஒரு தடவையாவது தெரியாதுன்னு சொல்லுச்சா?"

யோசித்துப் பார்த்தாள். "இல்லையே. அது ஏன் தெரியாதுன்னு சொல்லணும்?"

அதற்குள் உன் வீட்டுக்காரி கோப்பியோடு வந்தாள். அந்தப் பேட்டியின் இன்னொரு பிரதி சாமி மேடையில் உன் படத்துக்குக் கீழே இருந்தது. மேலே ஒரு செம்பருத்தி. "எத்தனை வருசம் அண்ணே, எங்கிட்டகூட சொன்னதில்ல. இப்பத்தான் வாயத் தொறந்திருக்காரு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அது அவன் சொன்னதில்ல தங்கச்சி. மெஷின் நான் எழுதினதை வச்சு ஜோடிச்சது."

"அப்ப ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

நோட்டைத் திறந்து படித்தேன். மழை வருது, கெளம்பு. அன்று மழையே இல்லை என்பதையும் படித்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"அதான் அவரு! பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா, 'மாப்ள, தண்ணி பழக்கம் உண்டா'ன்னாரு. இவரு, 'மழை வர்ற மாதிரி இருக்கு மாமா'ன்னு எந்திரிச்சுட்டாரு. வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது!"

தர்ஷினியும் சிரித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் நீ அந்த அறையில் இருந்தாய், சத்தியமாக.

சிரிப்பு அடங்கியதும் உன் வீட்டுக்காரி சாமி மேடையிலிருந்த தாளை எடுத்துச் சுருக்கம் நீவினாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "இருந்தாலும் அண்ணே, இதுவும் நல்லாத்தானே இருக்கு. இங்கயே இருக்கட்டும்." திரும்ப உன் படத்துக்குக் கீழே வைத்து, பூவையும் வைத்தாள். எனக்குப் பயம் முழுதாக வந்தது அப்போதுதான்.

தர்ஷினி தானாகவே கடைசிப் பதிலை 'மழை வருது, கெளம்பு' என்று மாற்றி எழுதிப் பள்ளியில் கொடுத்தாள். டீச்சர் எனக்குப் போன் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள், இரண்டு வரி எழுதவே அழுத பிள்ளைகள், இப்போது நான்கு பக்கம் கொண்டுவருகிறார்கள். திருத்தவும் அவருக்கு அதே மெஷின்தான் துணை.

"ஐயா, மொதல்ல தொண்ணூத்தாறு போட்டிருந்துச்சு. இப்ப எண்பத்தொண்ணு. 'இறுதிப் பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை'ன்னு சொல்லி, எப்படி மாத்தலாம்னு அதுவே எழுதிக் குடுத்திருக்கு. படிக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் படித்துவிட்டார். அதே பழைய சைக்கிள். அதே விட்டுக்கொடுத்த நண்பன். சொற்கள் மட்டும் கொஞ்சம் வேறு.

"மார்க் நான் போட்டுக்கிறேம்மா" என்று போனை வைத்தேன்.

நோட்டு இப்போது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அந்த நான்கு வரிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடைத்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். இல்லாவிட்டால் எனக்குப் பிறகு யாராவது இந்தப் பக்கத்தையும் படம் பிடித்துப் போடுவார்கள், மெஷினும் நிரப்பிக் கொடுக்கும். அவை காலி வரிகள் என்று சொல்ல அப்போது ஆள் இருக்காது. ஆனால் கோடு இழுத்தால், நீ இனிமேல் சொல்லப்போவதில்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. கை வரவில்லை.

அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் சைக்கிள் கதை உன் குரலில் தொடங்குகிறது. நேற்று முன்தினத்தைவிட நேற்று இன்னும் தெளிவாகக் கேட்டது. அது முடிவதற்குள் ஓரத்தில் என் கையெழுத்தில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிறேன். தினமும் படிக்கிறேன்.

மழை வரவில்லை.